முதுகுக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்

மூட்டை கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் பிரயாணம் போகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு பிரயாணம் போகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால், கோடைகாலத்தில் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். நத்தை இந்தத் தந்திரத்தை வெகு காலமாக அறிந்திருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் நத்தைகூடத் தன் கூட்டுக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதில்லை. இங்கிலாந்து வாசிகள் போகிறார்கள்.

'கேரவன்' என்பது மோட்டார் காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கப்படும் ஒரு சிறு வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. அந்த வீட்டின் பின்சுவரிலே அலுமினியக் குழாய்களால் ஆன ஒரு சட்டம். அந்தச் சட்டத்திலே சைக்கிள்கள். நம் சைக்கிளில் மூட்டை வைக்கும் கேரியருக்கு இது பெரியண்ணா என்று சொல்லலாம். இந்த வாரம் அந்தச் சைக்கிள் தாங்கியைப் பழுது பார்ப்பது பற்றியும் பராமரிப்பது பற்றியும் எழுத உத்தேசித்திருக்கிறோம்.

"இதென்ன விபரீதம்! எங்கள் வீட்டில் கேரவனும் இல்லை. அதற்குப் பின்சுவரும் இல்லை!" என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. அதுவரை சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேரவனுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. கடற்படையில் வைத்தியராக இருந்த டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885-ஆம் வருஷத்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு வண்டி வீடு செய்வித்தார். 'வாண்டரர்', அதாவது 'நாடோடி', என்பது அதன் பெயர். இரண்டு குதிரைகள் அதை இழுத்தன. உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். டாக்டரின் பணியாள் ஒரு மூன்று சக்கரச் சைக்கிளில் ஏறி வண்டிக்கு முன்னால் போய், பெரிய வண்டி வருகிறது என்று எதிரே வருகிறவர்களுக்கு எச்சரிக்கை செய்வது வழக்கம். பிறகு 1901-ஆம் வருஷத்தில், தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரரின் முயற்சியால், விரல் விட்டு எண்ணக்கூடிய சில சைக்கிள்காரர்கள் வான்டேஜ் என்னும் ஊரில் கூடாரமடித்துத் தங்கினார்கள். அன்று தோன்றிய சைக்கிள் கூடாரக்காரர்களின் சங்கமே வளர்ந்து வளர்ந்து இன்று பிரிட்டனின் பெரிய கேரவன் சங்கங்களில் ஒன்றாக விளங்குகிறது.

இந்தச் சரித்திரத்தில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். டாக்டர் ஸ்டேபிள்ஸ் காலத்தில் சைக்கிள் வண்டிக்கு முன்னால் போயிற்று. அதன்மேல் கண்ணும் காதும் உள்ள ஒரு மனிதன் உட்கார்ந்து வழி பார்த்தான். இப்போது சைக்கிள் வண்டிக்குப் பின்னால் போகிறது. அதன்மேல் ஒருவரும் இல்லை. அதற்கு என்ன நேர்ந்தாலும் வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்? பின்னால் வருகிறவருக்குத்தான்.

இந்த உண்மையை நம்முடைய சிநேகிதர் ஒருவர் அநுபவத்தில் தெரிந்துகொண்டார். அவர் லெஸ்டர் நகரில் குடியிருக்கும் தமிழர், தொழிலில் எஞ்ஜினீயர். மனைவியாரும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுமாக ஒரு கோடையில் கேரவனை இழுத்துக்கொண்டு வேல்ஸ் தேசத்துக்குப் புறப்பட்டார். பாதி வழியில், பின்னால் வந்த காரின் விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. ஹாரனும் ஒலித்தது. கேரவன் இழுக்கும் கார் அங்கே இரு வழிச் சாலையில் மணிக்கு 50 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். "அவசரக்காரர் போலிருக்கிறது, இந்த நாட்டிலும் மரியாதை குறைந்துவிட்டது" என்று நம் சிநேகிதர் முணுமுணுத்துக்கொண்டே மேலும் இரண்டு மைல் போனார். விளக்கு நிற்கவில்லை. கடைசியில் சாலையோரத்தில் ஒதுங்கி நின்றார். அந்தக் காரும் நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தவருக்கு நெஞ்சு திக்கென்றது. சக்கரத்தைக் கட்டியிருந்த வார் அறுந்து, பெண்ணின் சைக்கிள் ஒற்றைப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாங்கியின் கீழ்ப் பிடிப்பில் ஒரு போல்ட்டும் கழன்று பாதி வெளியே வந்திருந்தது. பின்னால் வந்தவர் ஒரு கிழவர். அவருடைய காரின் பின் ஆசனத்தில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருந்தன. "உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தக் கிழவர் போய்விட்டார். பெயரைக் கேட்கக்கூட நம் சிநேகிதருக்கு வாய் வரவில்லை.

"அந்த இரண்டு குழந்தைகளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது, ஸார்! நான் மரியாதைக் குறைவு என்று திட்டிக்கொண்டு போன இரண்டு மைலும் சைக்கிள் அவர்கள் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்ததே!" என்று அவர் நம்மிடம் சொன்னபோது, அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது.

அடுத்த கோடையில் நாம் அவர் வீட்டுக்குப் போயிருந்த சமயம், தாங்கியை அடியோடு கழற்றிச் சீர்செய்ய அவர் தீர்மானித்திருந்தார். மூன்று மாலை வேலை. நமக்குக் கிடைத்த உத்தியோகம், விளக்குப் பிடிப்பதும் வாஷர்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும். ஒரு வாஷரைத்தான் தொலைத்தோம் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் மாலை, கழுவுவதும் பார்ப்பதுமாகக் கழிந்தது. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலை உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் தெறித்து ஒவ்வொரு மூலையிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் முதலில் சோப்புத் தண்ணீரும் துணியும், பிறகுதான் ஸ்பானர். அழுக்குப் போன பிறகு, சிநேகிதர் தாங்கியை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் உலுக்கினார். நன்றாயிருக்கும் தாங்கி சுவருடன் சேர்ந்து அசையும். தளர்ந்த தாங்கி தனியே அசைந்து 'டக், டக்' என்று சொல்லும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

குழாய்கள் ஒன்றோடொன்று பற்ற வைத்திருக்கும் இடங்களை நகத்தால் தடவிப் பார்த்தார். மயிரிழை போன்ற ஒரு விரிசல் அங்கே இருந்தாலும் அதன்மேல் சாயம் பூசி மறைப்பது பெரும் பிழை. அலுமினியத்தைப் பற்ற வைத்தால் பற்ற வைத்த இடத்தைச் சுற்றி அதன் பலம் குறைந்து போகும். எனவே தெருக்கோடிப் பட்டறையில் ஒட்டவைத்துத் திருப்தி அடையாமல், அந்த உறுப்பையே மாற்றிவிட வேண்டும். இரும்புத் தாங்கியானால் வேறு கதை. சாயம் கொப்புளித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை நீக்கி, அடிச்சாயமும் மேற்சாயமும் பூசினால் பல வருஷம் உழைக்கும்.

வார்கள் விஷயத்தில் சிநேகிதர் சிக்கனம் பார்க்கவில்லை. வாரும் அதைப் பூட்டும் பிளாஸ்டிக் பற்களும் வெயிலில் கிடந்து நாளாவட்டத்தில் உலர்ந்து நொறுங்கும் தன்மையடைகின்றன. பார்ப்பதற்கு முழுசாகவே இருக்கும்; மடக்கினால் வெள்ளைக் கோடு விழும். அப்படிக் கோடு விழுந்த வாரைத் தூர எறிந்துவிட வேண்டியதுதான். சைக்கிளைக் கவ்வும் பிடிகளுக்குள் இருக்கும் ரப்பரும் அவ்வாறே. அது கல்லாய் இறுகிவிட்டால் சைக்கிளையும் பிடிக்காது, சாயத்தையும் சுரண்டும்.

இரண்டாம் மாலை, போல்ட்டுகளுடன் யுத்தம். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டு, அலுமினியச் சட்டம், இரண்டுக்கும் நடுவே உப்பு நீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சின்ன மின்சார பாட்டரி. அந்த பாட்டரியில் எஃகுக்கு ஒரு சேதமும் இல்லை. அலுமினியந்தான் அரிபட்டு வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடி மரையில் அடைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்கிப் பிடித்துவிடும். பலவான்கள் இந்தக் கட்டத்தில் நீண்ட ஸ்பானரை எடுத்து ஒரே திருகாகத் திருகுவார்கள். போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். உடம்பு உள்ளேயே நிற்கும். நம் சிநேகிதர் பலவான் அல்ல. மரைக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற வைத்திருந்தார். மறுநாள் கால் சுற்றுக் கழற்றி, அரைக்கால் சுற்றுத் திரும்ப முடுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, குழந்தைக்கு மருந்து கொடுப்பது போல் தாஜா செய்து எடுத்தார். எட்டுப் போல்ட்டில் ஏழு முழுசாக வந்தன. எட்டாவதை மெதுவாகத் துளையிட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பப் போடும்போது இரு உலோகமும் நேரே தொடாதபடி நடுவே நைலான் வாஷரும், மரையில் கொஞ்சம் கிரீஸும் வைத்தார். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு, அதிர்ச்சியில் கழலாதபடி தானே பிடித்துக்கொள்ளும். ஆனால் கழற்றிய பிறகு அந்த வளையத்தின் பிடி குறைந்துவிடுவதால், பழைய நட்டுகளை நீக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் புதிதாகவே போட்டார். எட்டு நட்டின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக் காணாது என்று அவருடைய மனைவியார் சாட்சி சொன்னார்.

மூன்றாம் மாலை வேலைதான் முக்கியமானது. கேரவன் சுவரைப் பார்த்தால் கோட்டைச் சுவர் போலத் தோன்றும். உண்மையிலோ வெளியே மெல்லிய தகடு, நடுவே நுரைப் பலகையும் மரச் சட்டங்களும், உள்ளே மெல்லிய ஒட்டுப் பலகை, அவ்வளவுதான். தாங்கியின் போல்ட்டுகள் இந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. போல்ட்டைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை காய்ந்து வெடித்தால் மழைத் தண்ணீர் அந்தத் துளை வழியாகச் சுவருக்குள் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மரம் இரண்டு மூன்று மழைக்காலத்தில் ஊறி மக்கிப்போகும். அப்போது போல்ட்டு எவ்வளவு உறுதியாயிருந்துதான் என்ன? அது பிடித்துக்கொண்டிருப்பது ஊறிய ரொட்டித் துண்டை அல்லவா?

ஆகவே உட்புறத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றிக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் ஆபத்து. ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அது 15 சதவிகிதத்துக்குள் காட்டினால் கவலையில்லை. 20-க்கு மேல் போனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தேடியாக வேண்டும். சிநேகிதரின் சுவரில் ஏழு துளைகள் சௌக்கியம். எட்டாவது, அந்தப் பிடிவாதக்காரப் போல்ட்டின் துளை, 22 காட்டிற்று. அந்த இடத்தை ஒரு வாரம் திறந்து காய வைத்தார். நல்ல வேளையாக மரம் மக்கியிருக்கவில்லை.

பிறகு பழைய பசையைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பியூட்டைல் பசை வைத்தார். இது என்றும் முழுதும் இறுகாமல் மெழுகு போலவே இருக்கும்; வண்டி அதிரும்போது தானும் வளைந்து கொடுக்கும். ஸிலிக்கோன் பசை சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதை அப்பிவிடுகிறவர்கள் உண்டு. அது கெட்டுப்போன பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. உட்புறத்தில் பாரத்தைப் பரப்பும் தகடுகளை வைத்து, முறுக்கை அளந்து காட்டும் ஸ்பானரால், தாங்கி செய்தவர்கள் குறித்திருக்கும் அளவுக்கு மட்டுமே முடுக்கினார். பயத்தினால் மேலும் ஒரு சுற்று முடுக்கினால் சுவர் நசுங்கும். பசை பிதுங்கி வெளியேறும். தண்ணீர் மறுபடி வழி கண்டுபிடிக்கும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லவேண்டும். எல்லாக் கேரவன் சுவர்களும் தாங்கியைச் சுமக்கத் தக்கவை அல்ல. பின்சுவரில் வலுவுக்கென்று சட்டம் வைத்துக் கட்டியிருக்கிறதா என்று வண்டி செய்தவர்களை விசாரித்த பிறகுதான் துளைபோட வேண்டும். சட்டம் இல்லாத சுவரில் தாங்கி மாட்டினால், அப்புறம் எந்தப் பராமரிப்பும் அதைக் காப்பாற்றாது.

இனி பார விஷயம். நம் நாட்டு மாட்டு வண்டிக்காரரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளி இதைச் சரிசெய்து விடுவார். கேரவனுக்கும் அதே சாஸ்திரந்தான். வண்டியின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவிகிதம் வரையில் காரின் கொக்கியின்மேல் முன்பாரமாக அழுத்த வேண்டும். அது குறைந்தால் வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

சிநேகிதரின் கேரவன் 1,300 கிலோ. தாங்கியும் சைக்கிளும் இல்லாதபோது முன்பாரம் 80 கிலோ. தாங்கி 10 கிலோ, சைக்கிள் இரண்டும் 30 கிலோ, ஆக 40 கிலோவை அச்சுக்கு 3 மீட்டர் பின்னால் தொங்கவிடுகிறார். கொக்கியோ அச்சுக்கு 4 மீட்டர் முன்னால் இருக்கிறது. நாற்பதை மூன்றால் பெருக்கி நான்கால் வகுத்தால் 30. அதாவது முன்பாரத்தில் 30 கிலோ மாயமாய் மறைந்து 50 தான் மிச்சம். குறைந்தபட்சம் வேண்டியது 65! இந்தக் கணக்கைப் பெண் போட்டுக் காட்டியதும் தகப்பனார் திடுக்கிட்டார். போன வருஷம் முழுவதும் அப்படியே ஓட்டியிருக்கிறார் அல்லவா? உடனே பின்னறையில் கிடந்த கூடாரத் துணியும் உணவு டின்களுமாகச் சுமார் 30 கிலோவை, அச்சுக்கு 2 மீட்டர் பின்னாலிருந்து எடுத்து 1 மீட்டர் முன்னால் கொண்டு வைத்தார்கள். முன்பாரம் 70-க்கு மேல் ஏறிவிட்டது.

இந்தச் சமயத்தில் அம்மையார், அடுத்த வருஷம் மின்சார சைக்கிள் வாங்கலாம் என்று ஒரு பிரேரணை கொண்டுவந்தார். மின்சார சைக்கிள் ஒவ்வொன்றும் 20 முதல் 25 கிலோ இருக்கும். தாங்கியின்மேல் ஒட்டியிருந்த சீட்டோ மொத்தம் 35 கிலோவுக்கு மேல் கூடாது என்றது. பாட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வைத்தாலும் கணக்குத் தேறவில்லை. பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது.

சனிக்கிழமை காலையில் டெர்பிஷயருக்குப் புறப்பட்டோம். அங்கே 1968-இல் மூடப்பட்ட ஒரு ரயில் பாதையை மான்ஸல் பாதை என்ற பெயரில் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். 2011 முதல் அதன் குகைகளையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். சுமார் எட்டரை மைல் நீளம். மலையைக் குடைந்து சைக்கிளில் போகும் அநுபவம் அலாதியானது. ஆனால் நாம் வியந்தது அதைப் பற்றி அல்ல. புறப்பட்டு 20 மைல் ஆனதும் சிநேகிதர் வண்டியை நிறுத்தினார். வார் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார், தாங்கியை உலுக்கினார், பின் விளக்குகளும் நம்பர்ப் பலகையும் சைக்கிளால் மறைபடவில்லை என்று பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். மறைந்தால் விளக்கும் நம்பரும் கொண்ட தனிப் பலகை ஒன்றைச் சைக்கிளின்மேல் கட்ட வேண்டும் என்பது அங்கே விதி. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இதற்கும் மேலே போய், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமையின்மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, 50 செண்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றையும் மாட்டச் சொல்கிறார்கள்.

"இத்தனை முறை பார்க்க வேண்டுமா?" என்று கேட்டோம்.

"எனக்காகப் பார்க்கவில்லை, ஸார்! சைக்கிள் விழுந்தால் எனக்குச் சைக்கிள் நஷ்டம், அவ்வளவுதான். நான் முன்னால் போய்க்கொண்டே இருப்பேன். அது யார்மேல் விழுகிறதோ அவர் இந்தத் தாங்கியை வாங்கவும் இல்லை; அதில் ஒரு போல்ட்டை முடுக்கவும் இல்லை" என்றார் சிநேகிதர்.

நேயர்களுக்குத் தருவதாகச் சொன்ன பதில் இதுதான். நம்மிடம் கேரவன் இல்லாமற் போகலாம். பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையை உட்காரவைத்து அழைத்துப் போகும் சைக்கிள் கேரியர் நம்மிடம் இருக்கிறது. கலியாணச் சாமான்களைக் கயிற்றால் கட்டி ஏற்றும் கார்க் கூரை இருக்கிறது. மாடி விளிம்பில் ஒரே ஆணியில் தொங்கும் பூந்தொட்டியும் இருக்கிறது. இவற்றின் நட்டையும் கயிற்றையும் ஆணியையும் நாம் கடைசியாக என்றைக்குப் பார்த்தோம்? சட்டம் போட்டு வருவதல்ல இந்தக் கவனம். சுதந்திர தேசத்துப் பிரஜை ஒருவர், பெயர் தெரியாத மற்றொரு பிரஜைக்குச் செய்யும் மரியாதை இது. ஸ்பானரால் அரைச் சுற்று முடுக்குவதிலும் அந்த மரியாதை அடங்கியிருக்கிறது.

சாலையில் யாராவது பின்னாலிருந்து விளக்கைக் காட்டினால், திட்டுவதற்கு முன்னால் ஒருதரம் நிறுத்திப் பார்ப்போமாக. அந்தக் கிழவரைப் போன்றவர்கள் எல்லாச் சாலைகளிலும் நமக்குப் பின்னால் வந்துகொண்டிருப்பார்கள் என்று நிச்சயமில்லை.